மூடிய இரண்டு பெட்டிகள்

மார்ச் 4

கண் மருத்துவமனையில் அப்பாவுக்காகப் படிவம் நிரப்பினேன். 'உடன்பிறந்தோர்' என்ற இடத்தில் வழக்கம்போல் கோடு போடப் போனபோது, "ஒன்னு இருந்துச்சும்மா" என்றார்.

அவருக்கு ஆறு வயதானபோது ஒரு தங்கை பிறந்தாளாம். பிரசவத்தில் அம்மா போன மறுநாளே குழந்தையும் போய்விட்டதாம். எழுபத்தொன்பது வயதுவரை இதைப் பற்றி மூச்சு விடாத மனுஷர், வீடு வரும்வரை ஒரே கேள்வி: "அதுக்குப் பேர் வச்சிருப்பாங்களா?"

எனக்கு எப்படித் தெரியும்? கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் நான். தரவு இல்லாமல் வாயைத் திறப்பதில்லை.

மார்ச் 6

தம்பி போனில். வம்சம் தேடித்தரும் நிறுவனம் இருக்கிறதாம், பணத்தை அவனே கட்டுகிறானாம். வேண்டாம், நானே தேடிக்கொள்கிறேன் என்றேன். "ஓசியில பாட்டன் பூட்டனைத் தேடுற ஒரே ஆளு நீதான்க்கா!"

காசுக்குத் தேடுகிறவன் எதையாவது கண்டுபிடித்தே தீருவான். அதுதான் என் பயம்.

மார்ச் 11

நகர நூலகத்து மாடியில் பழைய இறப்புப் பதிவேடுகள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை; தும்மலும் இலவசம். அப்பாவின் அம்மா இருக்கிறாள்: வயது இருபத்தாறு, காரணம் பிரசவம். மறுநாள், அதற்கும் மறுநாள், அந்த மாதம் முழுக்க விரல் வைத்துப் பார்த்தேன். குழந்தை இல்லை.

பச்சைக்குழந்தைகளைப் பதியாமல் விட்டிருப்பார்களோ? அதே பக்கத்தில் ஒருநாள் வயதில் மூன்று குழந்தைகள் பதிவாகியிருக்கின்றனவே.

மார்ச் 12

அப்பாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 15

நூலகக் கணினியில் வம்சாவளித் தளம் ஒன்றை இலவசமாகப் பார்க்கலாம். உறுப்பினர் அட்டை ஒன்றுக்கு ஒரு மணி நேரம். அப்பாவின் அட்டையையும் நீட்டினேன். அட்டைக்காரர் நேரில் வர வேண்டுமாம். வந்தார், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்போல் இஸ்திரி போட்ட சட்டையில்.

"ஐயா எதைத் தேடப் போறீங்க?" என்றார் நூலகர்.

"நான் ஒன்னும் தேடல. என் ஒரு மணி நேரத்தை இவளுக்குக் குடுக்க வந்தேன்."

அந்த மணி நேரத்தில்தான் கிடைத்தது. யாரோ போட்டுவைத்த குடும்ப மரம். அப்பாவின் அம்மா பெயர், பதிவேட்டில் கண்ட அதே இறந்த தேதி. அவளுக்குக் கீழே பிள்ளைகளாக இரண்டு சாம்பல்நிறப் பெட்டிகள், பெயர் இல்லாமல். உயிரோடிருப்பவர்களின் விவரம் மறைக்கப்படும் என்று அடியில் குறிப்பு.

இரண்டு.

அப்பா புரைவிழுந்த கண்ணைத் திரைக்கு அருகே கொண்டுபோனார். "என்னம்மா போட்டிருக்கு?"

"ஒன்னுமில்லப்பா. வெறும் கட்டம்."

மார்ச் 16

இறந்த தேதி தெரியாவிட்டாலும் மறைத்துவிடுமாம். நூறு வயதைத் தாண்டாத எல்லாருமே தளத்தின் கணக்கில் உயிரோடுதான். ஆக, அந்தப் பெட்டி எதையும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கவில்லை. ஏன் இதையே திரும்ப எழுதுகிறேன்?

சொல்லிட்டு, அப்புறம் இல்லைன்னு ஆயிட்டா? ஒரே தங்கச்சியை ரெண்டு தடவை பறிகொடுக்கணுமா அவரு? என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது.

மரத்தைப் போட்டவரின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. நான்கு வரி எழுதி அனுப்பினேன்.

மார்ச் 19

பதில் இல்லை. அப்பா எதுவும் கேட்கவுமில்லை. கேட்டுத் தொலைத்தாலாவது தேவலை.

மார்ச் 21

பதில் வந்தது. "அதுல ஒரு பெட்டி எங்கம்மா. இன்னொன்னுக்கு என்ன தேதி போடறதுன்னு தெரியாம விட்டுவச்சிருந்தோம். மாமா இருக்காரா?"

அப்பாவின் பெரியம்மா, பிள்ளையில்லாதவள், குழந்தையைத் தூக்கிப்போய்த் தன் மகளாக வளர்த்திருக்கிறாள். பையன் திரும்பக் கேட்டு அழுவான் என்று செத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு ஊரையும் மாற்றிக்கொண்டாளாம். தன் கடைசிக் காலத்தில்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்.

மாமா இருக்காரா. 'இருக்கார்' என்ற ஒற்றைச் சொல்லைத் தட்டச்சு செய்ய எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று.

மார்ச் 22

அப்பாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மாத்திரை போட்டாரா என்று விசாரித்து... "சுத்தி வளைக்காதடி" என்றார். சொன்னேன்.

தன் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். "பொறந்த அன்னைக்கு இதைத்தான் பிடிச்சுக்கிச்சு. விடவே இல்ல."

போன் போட்டுக் கொடுத்தேன். நாற்பது நிமிடம். அவர் பேசியதில் பாதி "பாப்பா", மீதி அழுகை. அந்தப் பக்கமிருந்து கணீரென்று ஒரு குரல்: "எழுபத்திமூணு வயசுக் கிழவியைப் போய்ப் பாப்பாங்கறீங்களே, எம்பொண்ணு சிரிக்கிறா!"

வைத்தபின் கேட்டேன், "பேரு என்னவாம்ப்பா?"

திருதிருவென்று விழித்தார். "அட... கேக்க மறந்துட்டேனே."

ஏப்ரல் 9

அறுவை முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று. அத்தை வந்திருக்கிறாள். புதுக் கண்ணால் அவளை வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டு, "அப்படியே அம்மா மூக்கு" என்றார் அப்பா.

"எனக்கென்னண்ணே தெரியும்? நீங்க சொன்னாத்தான்."

அதன் பிறகு அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாலையில் தம்பி: "மரத்துல இப்பவாவது பேரெல்லாம் தெரியுதாக்கா?"

பார்த்தேன். இரண்டு பெட்டிகளும் அதே சாம்பல் நிறத்தில் மூடியே இருக்கின்றன.

"இல்லடா. அப்படியே இருக்கட்டும்."