எலுமிச்சை நசுக்கிய சரக்கு வண்டி

செங், மலாக்கா
புதன்கிழமை

அன்பு மகன் தினேஷ்வரனுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கனடா குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சோறு தின்று சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் அப்பா பிடுங்கிவிடுவார், ஏனென்றால் கதையே அவரைப் பற்றியது. இப்போது பசாருக்குப் போயிருக்கிறார், மீனோடு திரும்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நீ அனுப்பிய பொட்டலம் பத்திரமாக வந்தது. பொம்மை ரயில் வண்டிக்கான ஏணி, கைப்பிடி, மிதிபடி, பிரேக் சாமான் எல்லாம் கடுகும் சீரகமுமாக இருந்தன, தும்மினால் போச்சு. போன வருஷம் நீ கொடுத்துவிட்டுப் போனாயே, ஒரு சாண்கூட இல்லாத அந்த அமெரிக்கச் சரக்கு வண்டி பொம்மை, அதை நம் ஊர் ரயிலின் சரக்கு வண்டியாக மாற்றிவிட்டேன். கூரைமேல் இருந்த நடைபலகையைச் செதுக்கி எடுத்து, உயரமான ஏணிக்குப் பதில் குட்டையானதை ஒட்டி, பழுப்புச் சாயம் அடித்தேன். இருபத்துநாலு வருஷம் ஃபேக்டரியில் லென்ஸுக்குக் கீழே சோல்டரிங் செய்த கை இதற்கா நடுங்கும்? ஆயர் குரோ மண்டபத்தில் ரயில் மாடல் கிளப்பின் கண்காட்சி என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுக்கப் போனேன். கிளப் தலைவர் புவனேந்திரன் என்னைப் பார்த்ததும், ஆன்ட்டி, சாப்பாட்டு டீம் அந்தப் பக்கம்லா என்றார். சமைக்க வரலே தம்பி, வண்டி ஓட்ட வந்தேன் என்றேன். சிரித்துக்கொண்டே, கொண்டாங்க ஆன்ட்டி, ஆனா அசல் வண்டி மாதிரி இருந்தாத்தான் தண்டவாளத்துல ஏத்துவோம் என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏற்றியே தீருவது என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, பூலாவ் செபாங் ஸ்டேஷனில் இருபத்தெட்டு வருஷம் சரக்கு வண்டிகளைக் கோத்துப் பிரித்த மனுஷன், வேலையை விட்ட நாலு வருஷத்தில் ரயில் என்ற வார்த்தையைக்கூட வாயில் எடுத்ததில்லை, என் மேசைப் பக்கம் எட்டிப் பார்த்ததும் இல்லை. ஆனால் பூஜை என்றால் விடமாட்டார். கார், மோட்டார் சைக்கிள், என் சோல்டரிங் கம்பி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், வண்டின்னா சின்னது பெருசு இருக்கா என்று என் பொம்மை வண்டிக்கும் வைத்திருக்கிறார். அதோடு விட்டாரா? வாசல் தொட்டியில் இருக்கும் லீமாவ் கஸ்தூரி எலுமிச்சைச் செடியில் இருப்பதிலேயே சின்னக் காயாகத் தேடிப் பறித்து, சக்கரத்துக்கு அடியில் வைத்து, நசுங்கவில்லை என்று கட்டைவிரலால் ஒரு அழுத்து. அடியில் இருந்த பிரேக் சாமான் நொறுங்கியது, மிதிபடி ரெண்டு பறந்தது, பின்பக்கம் இருந்த பிரேக் சக்கரம் அவர் விரலிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். நீ அனுப்பியதோ ஒரே செட், இன்னொன்று தபாலில் வர மூணு வாரம். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் அக்கா வேலிக்கு வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை மனசு ஆறாமல் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த உடைந்த சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது நம்ம வண்டியில ஏது உஷா, அவங்க ஊருல மேல ஏறி சக்கரத்தத் திருப்புவாங்க, நமக்குப் பக்கத்துல நீட்டு லிவர்லா இருக்கும், கீழ நின்னே அமுக்கணும் என்றார். நான் பெட்டியில் இருந்த காகிதத்தைப் பார்த்து அதை அப்படியே விட்டுவைத்திருந்தேன். மேசைக்குப் பத்தடி தள்ளி, இருபத்தெட்டு வருஷம் அந்த லிவரை அமுக்கிய ஆள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்கத் தோன்றவில்லை பார். பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ரெசிஸ்டர் கம்பியை வளைத்து லிவர், ஸ்டேப்ளர் ஊசியில் மிதிபடி. பிரேக் குழாய் எந்தப் பக்கம் போகும் என்று காட்ட, தரையில் மல்லாந்து படுத்தே காட்டினார். மதியச் சோறு ஆறிப்போனது, இருவருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புவனேந்திரன் வண்டியைக் கவிழ்த்து வைத்து லென்ஸில் பார்த்தார். எல்லாரும் அந்த பிரேக் சக்கரத்தக் கழட்ட மறந்துடுவாங்க, யார் சொன்னா ஆன்ட்டி என்றார். அப்பாவைக் காட்டினேன். நான் எலுமிச்சை மட்டும்தான் வச்சேன் என்று இவர் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார். வண்டியைத் தண்டவாளத்தில் ஏற்றினார்கள், பதினோரு சுற்று ஓடியது. நிறுத்தும் நேரம் வந்தபோது அப்பா தன்னை மறந்து முன்னால் போய், ஸ்டேஷனில் செய்கிற மாதிரி கையைத் தூக்கினார். கன்ட்ரோலில் இருந்தவர் அந்தக் கையைப் பார்த்தே நிறுத்தினார். வண்டி ஓடியதைவிட அந்தக் கை தூக்கியதுதான் எனக்குப் பெரிசு கண்ணு.

வேலையில் வீம்பு பிடிக்காதே, காய்கறி சேர்த்துக்கொள், வாரம் ஒரு தடவை எண்ணெய் தேய்த்துக் குளி. ஒன்று மட்டும் மறக்காதே, இந்தத் தடவை பிரேக் சாமான் ரெண்டு செட் அனுப்பு, எனக்கொன்று, அப்பாவுக்கொன்று. அந்த பிரேக் சக்கரம் வேண்டாம். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீடூழி நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
சு. உஷாராணி

பின்குறிப்பு: அப்பா வந்துவிட்டார், என் தோளுக்கு மேலே நின்று முழுவதையும் படித்தும்விட்டார். ரெண்டு செட் போதாதாம், மூணாக அனுப்பச் சொல்கிறார். அடுத்த வருஷ பூஜைக்கு ஒன்று தனியாக வேண்டுமாம்.