டிக்கியில் ஒரு காலி இடம்

மார்ச் 3

காலையில் காரை மெக்கானிக் ஷெட்டில் விட்டேன். பதினெட்டு வருஷத்து வண்டி. மகள் அதைத் தாத்தா என்றுதான் சொல்வாள். "தாத்தாவுக்கு மருந்து குடுத்தாச்சா?" என்று கேட்டால் ஆயில் மாற்றியாயிற்றா என்று அர்த்தம்.

மெக்கானிக் பாட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவினார். பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்து மாற்றினார். பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைக்கச் சொன்னார். வழியில் புதுசு அறுந்தால் ஷெட் வந்து சேர அது போதுமாம். டார்ச், தண்ணீர் கேன், ஜாக்கி, ஃபியூஸ், எச்சரிக்கை முக்கோணப் பலகை எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் பின்பக்கம் குனிந்தவர் 'ச்சு' கொட்டினார்.

"பின் டயர் ரெண்டும் உள்பக்கமா தேஞ்சு போச்சு முதலாளி. இது கார். நீங்க டெம்போன்னு நெனச்சு ஓட்டறீங்க."

"அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"டயர் காலண்டர் பாக்காது."

பதினோரு வருஷமாக இவர் கை ஒன்றுதான் வண்டியில் பட்டிருக்கிறது. ஒரு நாள்கூட ரோட்டில் நின்றதில்லை. என் பராமரிப்பு அப்படி என்று நாலு பேரிடம் பீற்றிக்கொள்வது நான்.

மார்ச் 9

என் ஹார்டுவேர் கடையிலிருந்து புதுக் கட்டடம் ஒன்றுக்கு நாற்பது வீட்டுக் கதவுச் சாமான். கீல், தாழ்ப்பாள், பூட்டு. டெம்போக்காரர் வரவில்லை. நானே காரில் ஏற்றினேன்.

டிக்கிப் பலகையைத் தூக்கினால் ஸ்டெப்னி டயர் அடியில் சொகுசாகப் படுத்திருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள்கூட வேலை செய்யாத ஆளுக்கு இவ்வளவு இடமா? கழற்றிக் குடோனில் சாய்த்து வைத்தேன். அந்தக் குழியில் ஆறு பூட்டுப் பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. காலி இடத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கடையை வளர்த்ததே அந்தக் கைதான்.

மார்ச் 11

இன்னும் இரண்டு நடை பாக்கி. முடிந்ததும் ஸ்டெப்னியை வைக்க வேண்டும்.

மார்ச் 14

இதை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன்.

மகளுக்கு இன்று பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் வேலைக்கு நேர்காணல். பதினோரு மணிக்கு. நாலு மாதம் படித்தாள். மூன்று மணி நேரப் பயணம். பஸ்ஸில் போகிறேன் என்றவளை நான்தான் — நான்தான் — "வீட்டுல வண்டி இருக்கும்போது பஸ் எதுக்கு?" என்று தடுத்தேன். துணைக்கு என் மனைவி. ஆறரைக்குக் கிளம்பினார்கள்.

எட்டே காலுக்குப் போன். "அப்பா, பின் டயர் வெடிச்சிருச்சு. பயப்படாதீங்க, ஓரமா நிறுத்திட்டேன். நானே மாத்திடறேன்."

அவள் மாற்றுவாள். மெக்கானிக்கை மாமா மாமா என்று சுற்றிவந்து ஷெட்டிலேயே பழகியவள். முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறாள். முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்திருக்கிறாள். நட்டைத் தளர்த்தி, ஜாக்கி ஏற்றி, சக்கரத்தைக் கழற்றியும் விட்டாள். எல்லாம் முறைப்படி. அப்புறம்தான் டிக்கிப் பலகையைத் தூக்கியிருக்கிறாள்.

"அப்பா, ஸ்டெப்னி எங்கப்பா?"

நான் அப்போது குடோனில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டெப்னி என் எதிரிலேயே, பத்தடி தூரத்தில்.

"மெக்கானிக் பஞ்சர் பாக்கக் கழட்டியிருப்பாரு. திருப்பி வைக்க மறந்துட்டாரு போல."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. சரக்கு உடைந்து போனால் லாரிக்காரர் மேல் தள்ளிப் பழகிய வாய். தானாகவே போய்விட்டது.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஒரு வாடகை வண்டி பிடித்து அந்த ஸ்டெப்னியை நானே கொண்டுபோயிருக்கலாம். கொண்டுபோனால் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். ஆகவே போகவில்லை. கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தேன்.

அம்மாவை ரோட்டோரம் தனியே விட்டுவிட்டு அவளால் பஸ் ஏறவும் முடியாது. காய்கறி லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, இரண்டு பேரையும் சக்கரத்தோடு டயர் கடைக்கு ஏற்றிப்போய், திரும்பக் கொண்டுவிட வேறொரு வண்டியும் பிடித்துக் கொடுத்தாராம். யார் பெற்ற பிள்ளையோ. பழைய டயர் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய்ச் சேரும்போது மணி ஒன்றரை.

"லிஸ்ட் முடிச்சாச்சும்மா" என்றார்களாம்.

வந்ததும் கை கழுவப் போனாள். நகக்கண்ணில் கிரீஸ். நேர்காணலுக்கென்று இஸ்திரி போட்ட சட்டையில் முழங்கை வரைக்கும் கறுப்பு. "விடுங்கப்பா, வேற வரும்" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள். எனக்கு!

மார்ச் 15

மத்தியானச் சாப்பாட்டின்போது மனைவி சொன்னாள்: "ஷெட்டுக்குப் போய் நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டு வந்தேன். பதினோரு வருஷம் நம்பினோமே, பொம்பளப் பிள்ளைய நடு ரோட்டுல நிக்க வெச்சுட்டீங்களேன்னு."

சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன். "அவர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்லுவாரு? 'பாத்துக்கறேம்மா'ன்னாரு. ஷெட்டுல ஏழெட்டு பேர் இருந்தாங்க. நிமிந்துகூடப் பாக்கல. தப்பு செஞ்சவன் எப்படி நிமிருவான்?"

தப்பு செய்தவன் அவள் எதிரே உட்கார்ந்து ரசம் கேட்டான்.

மார்ச் 17

ஸ்டெப்னியைக் காரில் வைத்தேன். மகள் பார்த்துவிட்டாள். "மாமா குடுத்துட்டாரா?" "ம்." இரண்டாவது பொய். முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

மார்ச் 21

பள்ளி வேன் மூன்று வைத்திருப்பவர் பூட்டு வாங்க வந்தார். "மூணு வேனையும் அந்த ஷெட்டுலதான் விட்டிருந்தேன். உங்க வீட்டம்மா போட்ட சத்தத்தை நானே கேட்டேன். ஸ்டெப்னியக் கழட்டிட்டு மறக்கற ஆளு நாளைக்கு பிரேக்க கழட்டிட்டு மறக்க மாட்டாருன்னு என்ன நிச்சயம்? பிள்ளைங்க போற வண்டி. வேற எடம் பாத்துட்டேன்."

அங்கே, அந்த நிமிஷம், ஒரு வாக்கியம் போதும். "உங்க இஷ்டம்" என்றேன். டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

என்ன மனுஷன் நான்?

மார்ச் 26

ஒரு வழி தோன்றியது. ஷெட்டுக்குப் போன் செய்து, காருக்கு நாலும் புது டயராகப் போடச் சொன்னேன். கடைக்கு ஒரு டெம்போ வாங்கப் போகிறேன், அந்த வேலையையும் நீங்களே பாருங்கள் என்றேன். வேன் போன நஷ்டம் இதில் சரியாகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு.

மெக்கானிக், "டயருக்காக டயர் போடறதுன்னா வண்டிய அனுப்புங்க, போடறேன். வேற எதுக்காகவோ வாங்கறீங்கன்னா, அது என்கிட்ட இல்ல முதலாளி" என்றார்.

அவருக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? தான் கழற்றவில்லை என்பது அவருக்குத்தானே முதலில் தெரியும்! பன்னிரண்டு நாளாக இது என் மண்டையில் உறைக்கவே இல்லை. அவரும் என் பொய்யை நம்பிக்கொண்டிருப்பார் என்பது போலவே இருந்திருக்கிறேன்.

மார்ச் 30

கடை போகிற வழியை மாற்றிக்கொண்டேன். ஷெட் இருக்கும் தெரு வேண்டாம். சுற்றுவழி. பெட்ரோல்தான் வீண்.

ஏப்ரல் 2

சொல்லிவிட்டேன்.

காலைப் பலகாரத்தின்போது முதலில் வீட்டில். மனைவி கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ஏங்க, நான் அந்த மனுஷனை அத்தனை பேர் முன்னாடி... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்னையும் பாவத்துல சேத்துட்டீங்களே." எழுந்து உள்ளே போனாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. பாத்திரம் துலக்குகிற சத்தம்தான் கேட்டது.

மகள் ஒன்றே ஒன்று கேட்டாள். "மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?"

தன் வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைக் கேட்டிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன்.

பத்து மணிக்கு வேன்காரருக்குப் போன். "பிள்ளைங்க போற வண்டின்னு அவ்வளவு சொன்னேனே சார், அப்பவும் டீ வாங்கிக் குடுத்தீங்களே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அங்கிருந்து ஷெட்டுக்கு. ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகத்தான் கால் இழுத்தது. மனைவி கூட்டத்தில் சொன்னாள். நானும் கூட்டத்தில்தான் சொல்ல வேண்டும். ஐந்து பேர் இருந்தார்கள். "ஸ்டெப்னியை எடுத்தது நான். பூட்டுப் பெட்டி வைக்க எடுத்தேன். இவர் மேல் பழி போட்டேன்" என்றேன். இதைச் சொல்ல எத்தனை வினாடி ஆகிறது? பத்துகூட இல்லை. பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டேன்.

ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு மெக்கானிக் பேசினார். அவசரமே இல்லை.

"அம்மா வந்து கத்தினப்பவே 'நான் எடுக்கல'ன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா உங்க வீட்டுல உங்க மானம் போகும். ஒரு நாள் பொறுத்துக்குவோம், சாயங்காலம் முதலாளியே வந்து சொல்லிடுவாருன்னு இருந்தேன். சாயங்காலம் வரல. மறுநாளும் வரல. மூணாம் நாளு நான் வாசலப் பாக்கறத விட்டுட்டேன்."

"தப்புதான். பெரிய தப்பு."

"வண்டி மேல எனக்கு வருத்தம் இல்ல. அத அனுப்புங்க, எப்பவும் போல பாக்கறேன். பாப்பா கொண்டாரட்டும். நீங்க வர வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பேசியிருப்பேன். எதிராளி கோபப்பட்டால் எனக்கு வழி தெரியும்.

காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வந்தேன்.

ஏப்ரல் 3

மனைவி காலையில் ஷெட்டுக்குப் போய் வந்தாள். அங்கே என்ன பேசினாள் என்று என்னிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 19

டெம்போ ஒன்று சொந்தமாக வாங்கினேன். மூன்று வருஷத்துக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டியது. காரில் இனி ஒரு ஆணிப் பெட்டிகூட ஏறாது.

ஜூன் 20

ஆயில் மாற்ற வேண்டிய நாள். மகள் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் — சின்ன லேப், அவளே தேடிக்கொண்டது — இன்று விடுமுறை. அவளே வண்டியை எடுத்துப்போனாள். நான் கடையில் கணக்கப்பிள்ளையிடம் ஒன்றும் இல்லாத விஷயத்துக்கு எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

மத்தியானம் வந்தாள். மூன்று வேனில் இரண்டு ஷெட்டுக்குத் திரும்பியிருக்கிறதாம். மூன்றாவது வரவில்லையாம், அந்த வேன் ஓட்டுநருக்குப் புது இடம் பழகிவிட்டதாம்.

"பின் ஸ்பிரிங் இப்பதான் மூச்சு விடுதுன்னு மாமா சொன்னாரு. ரேடியேட்டர் ஓஸ் ஒண்ணு லேசா வெடிப்பு விட்டிருந்துச்சு, மாத்திட்டாரு. நல்லா ஓடும்னாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இல்லப்பா" என்றாள்.

என் முகம் வாடுவதைப் பார்க்காமல் சொன்னது எனக்காகத்தான்.