ஆறு புள்ளியும் ஒரு மச்சமும்

மார்ச் 4, திங்கள்

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரைக்கு மதிப்பீட்டாளரின் பதில் வந்துவிட்டது. மூன்று பக்கம். இரண்டே முக்கால் பக்கம் பாராட்டு. மீதிக் கால் பக்கத்தில் என் ஆறு வருட உழைப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறார்.

இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் ஒரு படிகத்தை வைத்து லேசர் ஒளியை உள்ளே விட்டால், அது இங்கும் அங்கும் முட்டிக்கொண்டு திரியும். முதலில் வட்டமாக, சமர்த்தாக இருக்கும். பலத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்தில், யாரும் சொல்லாமலே, ஆறு புள்ளிகளாகப் பிரிந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ‘யாரும் சொல்லாமலே’தான் என் கட்டுரை.

அவர் கேட்கிறார்: நாற்பது படத்திலும் ஒரு புள்ளி நேர் உச்சியில் நிற்கிறதே? தானாக வந்த வடிவம் என்றால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சாய்ந்திருக்க வேண்டாமா? கண்ணாடியில் ஏதோ கோளாறு, அதுதான் ஒளியைப் பிடித்து இப்படி நிறுத்துகிறது.

நியாயமான கேள்வி. அதுதான் எரிச்சல்.

பதிலுக்கு மூன்று வாரம். கட்டுரை வராவிட்டால் மே மாதத்தோடு என் வேலை முடிகிறது. வேறு ஊர், வேறு வீடு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையை மனைவி விட வேண்டும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. தைரியசாலி நான்.

மார்ச் 5, செவ்வாய்

ஆய்வகத்துப் பேராசிரியை கூப்பிட்டார். “மறுபடி எடுத்துக் காட்டிடலாமேப்பா?”

“கண்ணாடி, படிகம் எல்லாம் பக்கத்து அறைக்குக் கொடுத்தாச்சு மேடம். பிரிச்சு வேற மாதிரி மாட்டிட்டாங்க.”

“அப்ப இந்த நாற்பது படம்தான் கதியா?”

“ஆமா மேடம்.”

“சரி. முதல்ல என் பேனாவையெல்லாம் வரிசையா அடுக்குறத நிறுத்து.”

அடுக்கிக்கொண்டுதான் இருந்தேன். இங்கே எனக்குப் பட்டப்பெயர் ரசமட்டம். சுவர் கோணலா என்று கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, அது. பொருத்தமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 9, சனி

பக்கத்து அறையில் கெஞ்சிக் கூத்தாடி அந்த இரண்டு கண்ணாடிகளையும் வாங்கிச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. இருக்கக் கூடாதா, சனியனே? குறை என்று ஒன்று கிடைத்தால் அழுதுவிட்டாவது நிம்மதியாக இருக்கலாம்.

மார்ச் 12, செவ்வாய்

பதில் எழுத உட்கார்ந்தேன். அலமாரியை அடுக்கினேன்.

மார்ச் 17, ஞாயிறு

மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “ரெண்டு வாரமா முகம் ஏன் இப்படி இருக்குன்னு இப்பத் தெரியுது. எங்கே, அந்தப் படத்தக் காட்டுங்க.”

நாற்பதையும் மேசையில் பரப்பினேன். எட்டு எட்டாக ஐந்து வரிசை. வேறெப்படிப் பரப்புவேன்?

அவள் புள்ளிகளைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் விரலை வைத்தாள். “இது என்ன, மச்சம் மாதிரி?”

“தூசி. காமிராவுக்குள்ள ஒட்டிக்கிட்டிருக்கு. அத விடு.” காமிரா ஒன்றைத்தான் துடைக்காமல் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

“ஏங்க, எங்க எக்ஸ்ரே மிஷின்ல கறை இருந்தா எல்லா நோயாளிக்கும் ஒரே இடத்துலதான் விழும். உங்க மச்சம் இதுல மேல ஏறியிருக்கு, இதுல கீழ இறங்கியிருக்கு. காமிராவ ஆட்டிக்கிட்டே எடுத்தீங்களா?”

இல்லை. காமிராவைத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தேன். அசையவே முடியாது.

அப்புறம் எப்படி... ஐயோ. படத்தை யாரோ திருப்பியிருக்கிறார்கள். யார்? எவன்?

மார்ச் 18, திங்கள்

நான்தான்.

காமிராவிலிருந்து படங்களை எடுத்து வைக்கும் கணினி நிரலைத் திறந்தேன். எந்தப் புண்ணியவான் எழுதியது என்று திட்டிக்கொண்டே படித்தால், நாலு வருடத்துக்கு முன் நானே எழுதியது. ஒவ்வொரு படத்தையும் ஒரு புள்ளி உச்சிக்கு வரும்வரை திருப்பு, வட்டமாக வெட்டு, மூலப் படத்தை அழித்துவிடு. பக்கத்தில் என் குறிப்பு: ‘நாலு பேர் பார்ப்பது, லட்சணமாக இருக்கட்டும்.’

ஒளி பாவம், ஒவ்வொரு தடவையும் தன் இஷ்டத்துக்குச் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறது. நான் காதைப் பிடித்து நிமிர்த்தி, அது சாய்ந்ததற்கான சாட்சியையும் அழித்திருக்கிறேன். தூசி ஒன்றுதான் தப்பியிருக்கிறது. அது எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அவ்வளவு நான் திருப்பியிருக்கிறேன். அளந்து நாற்பதையும் பழையபடி சாய்த்தேன். நாற்பதும் நாற்பது விதம். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 19, செவ்வாய்

பேராசிரியை சாய்ந்த நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். பிறகு, “படத்த நிமிர்த்தினது நான்தான்னு பதில்ல எழுதுவியா?”

“எழுதித்தான் ஆகணும் மேடம்.”

“சிரிப்பாங்கப்பா.”

“சிரிக்கட்டும் மேடம்.”

மேசை கோணல்மாணலாகக் கிடந்தது. ஆனாலும் அவர் பேனாக்களைத் தொடவில்லை.

மே 7, செவ்வாய்

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். வேலை இன்னும் இரண்டு வருடம் உண்டு. மதிப்பீட்டாளர் ஒரே ஒரு திருத்தம் கேட்டிருந்தார்: மூன்றாம் படத்தில் அந்தத் தூசியை அம்புக்குறி போட்டுக் காட்டவும்.

அச்சுப்படியை மனைவியிடம் நீட்டினேன். ஆறு புள்ளியும் கன்னாபின்னாவென்று சாய்ந்து கிடக்கிறது. அவள் அம்புக்குறியைத்தான் தேடினாள். “என் மச்சம்” என்றாள்.

சாயங்காலம் காமிராவைத் துடைக்கத் துணியை எடுத்தேன். மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன். நாலாக மடித்துத்தான்.