அடங்கியிருந்த மாதங்கள்

14.2.2003, பெரம்பலூர்

சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு என் மனைவி வேணியைத் திருச்சிக்கு அழைத்துப் போனேன். போன வருஷம் அவளுக்கு ஒரு கண் மங்கி, தானே சரியாயிற்று. இப்போது வலது கை மரத்துக் கிடக்கிறது. ஊசியில் நூல் கோர்க்கக்கூட முடியவில்லை அவளால். ஸ்கேன் பார்த்த நரம்பு டாக்டர் சொன்னார்: "கிருமியைத் தாக்க வேண்டிய வெள்ளை அணுக்களே மூளைக்குள்ள போய் நரம்போட உறையை அரிக்குதுங்க."

அவள் ரத்தமே அவளுக்கு எதிரியா? இதில் யார்மேல் கோபப்படுவது?

2.3.2003

ஊசிகள் போட்டதில் கை பாதி திரும்பியது. "மறுபடி வருமா சார்?" என்று வேணி கேட்டாள். "வரலாம்மா. எப்பன்னு சொல்ல முடியாது."

9.9.2003

வேணி முழுகாமல் இருக்கிறாள். சந்தோஷப்படவா, பயப்படவா?

20.12.2003

கை நன்றாகவே இருக்கிறது. மிஷினில் உட்கார்ந்து தெருக்காரர்களுக்கு ஜாக்கெட் தைக்கிறாள். மீன்சுருட்டியிலிருந்து வந்த என் அக்கா பாப்பாத்தி, "புள்ள வந்து நோயை விரட்டிடுச்சுடா" என்றாள்.

டாக்டர் சொன்னது வேறு. வயிற்றுப் பிள்ளையைத் தாக்கிவிடாமல் இருக்க அந்த அணுக்கள் அடங்கியிருக்குமாம். பிரசவத்துக்குப் பிறகு எழும்பலாமாம்.

பிரசவ நாள் வரவே கூடாதென்று எந்த அப்பனாவது வேண்டுவானா? நான் வேண்டுகிறேன்.

11.5.2004

பெண் குழந்தை. பிரவீணா என்று வேணிதான் பெயர் சொன்னாள்.

3.8.2004

வந்துவிட்டது.

பால் கொடுத்து முடித்துத் தூக்கினாள் — கை விட்டுவிட்டது. நல்லவேளை, பாப்பா பாயில்தான் விழுந்தாள். பாப்பா அழுது ஓய்ந்த பிறகும் வேணி ஓயவில்லை.

15.8.2004

கால்களும் போய்விட்டன. இந்த முறை ஊசிக்கும் கேட்கவில்லை. கட்டிலைப் பார்த்தபடி நிற்கிறேன். நான் என்னதான் பண்றது? எவன்கிட்ட போய்க் கேக்கறது?

29.8.2004

"வேணி தேறுற வரைக்கும் பாப்பாவை நான் வச்சிருக்கேன்டா" என்றாள் அக்கா. அவளுக்குப் பிள்ளை இல்லை. பாப்பாவின் துணிகளை வேணியே இடது கையால் மடித்துக் கொடுத்தாள். "அண்ணி, பக்கத்துல ஆள் படுத்தாத்தான் தூங்குவா."

16.1.2005

தேறவில்லை.

27.3.2005

அக்கா பாப்பாவைத் தூக்கி வந்திருந்தாள். வேணி கட்டிலிலிருந்து கையை நீட்டினாள். பாப்பா மிரண்டுபோய், அக்கா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "ம்மா" என்றது.

அக்கா பதறிப்போனாள். "நான் அத்தைடி... அம்மா அங்க இருக்கா பாரு!"

வேணி சிரித்தாள். "பேச்சு வந்துடுச்சே! விடுங்க அண்ணி, அப்படியே கூப்பிடட்டும்."

சாயங்கால பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட்டு வந்தேன். பாப்பா அழவில்லை.