சுங்குடிப் புள்ளியில் தொலைந்த பொரிகடலை

திருச்சுழி
20.6.96

அன்பு மகன் சௌந்தரபாண்டியனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் செல்வியும் உன் மகள் ப்ரியாவும் சுகமாக இருக்கிறோம், அந்த மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாக இருக்க மாரியாத்தாளைக் கும்பிடுகிறேன். இங்கே மழை எட்டிப் பார்க்கவில்லை, ஆனாலும் கடையில் வியாபாரம் பரவாயில்லை.

உன் போன கடிதத்தைப் படித்ததிலிருந்து உன் பெண்டாட்டி செல்விக்குச் சோறு இறங்கவில்லை. ப்ரியாவுக்குப் புத்தகத்தில் எழுத்துத் தெரியவில்லை என்று டீச்சர் சொன்னதை வைத்து, மதுரையில் பார்வையில்லாத பிள்ளைகள் ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்கள் என்று எழுதிவிட்டாயே, ஏழாம் மாசத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து உசுரைப் பிடித்து வந்த பிள்ளையை அனுப்ப மனசு வருமா. உன்னைக் கேட்காமலே நானும் செல்வியும் மதுரைக்கு பஸ் ஏறிக் கண் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டோம், கோபப்படாதே. கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு பாட்டி, கொஞ்சம் மங்கல், அதுக்குக் கண்ணாடி போட்டாப் போதும், ஆனா பார்த்ததைப் பிரிச்செடுக்க மூளைக்குத்தான் நேரமாகுது, ரொம்ப முந்திப் பிறந்த பிள்ளைகள்ல சிலதுக்கு இப்படி உண்டு, பலதுக்கு நடுவுல ஒண்ணைத் தேடச் சொல்லாம தனியா வச்சுக் காட்டுங்க என்றார்கள்.

அதைக் கேட்டதும் எனக்கு என் மடி ஞாபகம் வந்தது. நான் எந்நேரமும் சுங்குடிச் சேலைதானே, உடம்பெல்லாம் புள்ளி. மடியில் பொரிகடலையைப் போட்டு எடுத்துத் தின்னுடி என்றால் அவள் சேலைப் புள்ளியைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள். பக்கத்து வீட்டு ஜக்கம்மாள், ஏ மதினி, உம் பேத்திக்கு உம் மடியே ஆகலையே என்று சிரிப்பாள். அவள் கண்ணுக்காக நான் இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்தினேனே தவிர சேலையை மாற்றத் தோன்றவில்லை பார். வீட்டுக்கு வந்ததும் செல்வியின் வெறும் பச்சைச் சேலையைக் கட்டிக் கடலையைப் போட்டேன், ஒன்று விடாமல் பொறுக்கித் தின்றுவிட்டு இன்னும் போடு அப்பத்தா என்கிறாள்! ஜக்கம்மாளைக் கையோடு இழுத்து வந்து காட்டினேன், இப்ப என்னடி சொல்றே என்று.

மறுநாள் டீச்சரிடம் போய் சிலேட்டில் ஒரே ஒரு எழுத்தைப் பெரிசாக எழுதிக் காட்டச் சொன்னேன், ப்ரியா பட்டென்று சொல்லிவிட்டாள். இப்போது முன் பெஞ்சில் உட்காரவைத்து, மற்ற வரிகளை அட்டையால் மூடிப் படிக்க வைக்கிறார்கள். மெதுவாகத்தான் வருகிறது. சந்தைக் கூட்டத்தில் பெற்றவளையே தெரியாமல் முழிக்கிறாள், சத்தம் கொடுத்தால்தான் ஓடி வருகிறாள். சத்தம் கொடுக்க நாங்கள் இருக்கிறோம். ஆனால் புதுக் கண்ணாடியோடு கல்லாப் பக்கம் உட்கார்ந்துகொண்டு உங்கப்பாவை அவள் அதட்டுகிற அழகை நீ பார்க்க வேண்டுமே. ஹாஸ்டல் பேச்சை விட்டுவிட்டேன் என்று செல்விக்குத் தனியாக ஒரு வரி எழுது, அவள் சாப்பிடட்டும்.

நீ அனுப்பிய போட்டோவில் கூட்டாளிகளுக்கு நடுவே உன்னை அவளுக்குத் தெரியவில்லை. மற்றவர்களை விரலால் மூடினேன், அப்பா என்று முத்தம் கொடுத்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, நூறு வயசு நல்லா இரு. ஒன்றை மறந்துவிடாதே, தீபாவளிக்கு வரும்போது வெள்ளைச் சட்டை போட்டு வா. பஸ்ஸை விட்டு இறங்கியதும் போஸ்டர் ஒட்டிய சுவர்ப் பக்கம் நிற்காமல், கூட்டம் கலைகிறவரை தள்ளித் தனியாக நில். நீ கூப்பிடாதே, நாங்களும் கை காட்ட மாட்டோம். அவளே வருவாள்.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா பொன்னுத்தாய்