சோதனைக்குப் போன ஊறுகாய்ப் பாட்டில்

மத்திகிரி, 12.11.2009

காவேரிக்கு, சென்னப்பன் சொல்லச் சொல்லப் பக்கத்து அறை ஜெயப்ரியா எழுதுவது. நீயும் ஆடுகளும் சுகந்தானே?

சந்தோஷ சேதி! ஆறு வருசத்துக்கு முன் ஆடிப்பெருக்கன்று ஆரம்பித்த குடல் ரத்தப்போக்குக்கு மறுபடியும் குழாய் விட்டுப் பார்ப்பார்களோ என்று பயந்தேனே, வேண்டாமாம். மலத்தைச் சோதித்தாலே குடல் வீக்கம் தெரியுமாம். பண்ணையில் மாட்டுச் சாணியைச் சோதனைக்கு அனுப்பும் பழக்கத்தில் பாட்டில் நிறையக் கொண்டுபோனேன்.

"தாத்தா, பட்டாணியளவு போதும்! பண்ணையவே கொண்டாந்துட்டியா?" என்று நர்சம்மா சிரித்தாள்.

வீக்கம் நன்றாக இறங்கிவிட்டதாம். "திரும்ப ஏறினா, முக்காவாசி நேரம் வலி வர்றதுக்கு முன்னயே இந்தச் சோதனை காட்டிக் குடுத்துடும்" என்றார் டாக்டர்.

பொங்கலுக்கு வருகிறேன். காரம் குறைத்து நாரத்தங்காய் ஊறுகாய் போட்டு வை. ஜெயப்ரியாவுக்குக் கம்பெனி பஸ் வரும் நேரம், முடிக்கிறேன். பாட்டிலும் புதிதாக வேண்டும். ஊறுகாய் தீர்ந்த பிறகும் வாசனைக்காக வைத்திருந்த உன் பாட்டில்தான் சோதனைக்குப் போனது.

சென்னப்பன்