"கிட்" என்று சொன்னார்

டிசம்பர் 2006, செவ்வாய்

இன்று ஒப்பந்தக்காரர் ஊராட்சி ஆபீசுக்கு வந்தார். குழாய் வேலை முடிந்ததாகத் தலைவரான என் கையெழுத்து வேண்டுமாம். எங்கள் தெருவுக்குக் குழாயே வரவில்லை. "தண்ணி வரட்டுங்க, போடுறேன்" என்றேன். அவர் தன்னுடன் வந்தவரிடம், "ஜஸ்ட் எ கிட்" என்று சொல்லிச் சிரித்தார். அர்த்தம் தெரியாமல் நானும் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

காலேஜில் படிக்கும் தங்கச்சி அகராதியைப் பார்த்துச் சொன்னாள்:

"மொதல்ல ஆட்டுக்குட்டியத்தான்க்கா கிட்டுன்னாங்களாம். அப்புறம்தான் பேச்சுவாக்குல சின்னப் புள்ளைங்களையும் அப்புடிச் சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க."

"ரெண்டும் நான் இல்லடி" என்றேன்.

ஓட்டுப் போட்ட சனம் என்னைத் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறது. நாளைக்கும் அவர் வருவார். வரட்டும். தெருக்கோடி வீட்டில் குடம் நிறைகிறவரை என் பேனா திறக்காது.